பதில் வரும்வரை உட்காரக் கூடாது

போன வாரம் ஊட்டியில் ஆங்கில ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. நான்தான் பயிற்சி கொடுக்கிறவள். நாற்பத்தைந்து தாண்டிய ஆசிரியை கொஞ்சம் சுமாராகப் பேசுவாள் என்று தெரிந்தால் போதும், பிடித்து முன்னால் நிறுத்திவிடுகிறார்கள். முட்டிவலியை மறைத்துக்கொண்டு இளையவர்களுக்கு உற்சாகம் ஊட்ட வேண்டும். முதல் நாள் காலையிலேயே ஒரு பெட்டி வந்து இறங்கியது. உள்ளே கட்டுக்கட்டாக அட்டைகள், எல்லாம் லேமினேஷன் போட்டுப் பளபளவென்று. வகுப்பில் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்துப் பேசிப் பழக்குவதற்கு. பெட்டியைத் திறந்ததும் சூடான பிளாஸ்டிக் நாற்றம் மூக்கில் ஏறியது. மேலாக இருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். விடுப்பு கேட்கும் உரையாடல். 'மே ஐ ஹாவ் லீவ் டுடே, சார்?' என்று முதல் வரி. கடைசி வரி வரைக்கும் படித்தேன். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது.

ஒரு அட்டை மேல் என்ன கோபம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். ஆனால் நான் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் என்னிடம் அதுதான் குறை.

நான் முதன்முதலாகச் செய்த அட்டைகளில் பிளாஸ்டிக் நாற்றம் இல்லை, தேயிலைத்தூள் வாசனை அடிக்கும். டீ ஃபேக்டரியில் வேண்டாம் என்று ஒதுக்கிய அட்டைப்பெட்டிகளைக் கேட்டு வாங்கி, ஒரு தசரா லீவு முழுக்க உட்கார்ந்து கத்தரித்தேன். எத்தனை தட்டினாலும் மடிப்புகளிலிருந்து தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். வகுப்பு முடியும்போது பிள்ளைகளின் விரலெல்லாம் பழுப்பாக இருக்கும். 'எல்லாரும் அட்டையை எடுங்க' என்று நான் முதல் நாள் சொன்னபோது எல்லாரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள். அந்த ஊரில் அட்டை என்றால் காலில் ஏறி ரத்தம் குடிப்பது. மழைக்காலத்தில் நானே தினம் நாலைந்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் நுழைவேன், எனக்காவது நினைவு வந்திருக்க வேண்டும்.

அந்த ஊர் சேரம்பாடிப் பக்கம். நான் குன்னூர்க்காரி, அப்பா அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்தார். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் வீடு திரும்பிய மனிதர். நான் எதற்காவது ஏன் என்று கேட்டால் 'சொன்னா செய்யி' என்பார். வேலை உத்தரவு வந்தபோது நீலகிரிக்குள்ளேயே தானே என்று சந்தோஷப்பட்டோம். ஊட்டி, கூடலூர், பந்தலூர் என்று பஸ் மாறி மாறிப் போய் இறங்கிய பிறகுதான் நீலகிரி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எஸ்டேட் நடுவே மூன்று அறைப் பள்ளிக்கூடம், எட்டாவது வரைக்கும். தலைமையாசிரியர் மேட்டுப்பாளையத்துக்காரர், தங்கமான மனுஷன், சத்தம் மட்டும் ஆகாது. ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்பையும் ஒரே அறையில் என்னிடம் தள்ளிவிட்டார். மூன்றும் சேர்த்தே இருபத்திரண்டு பேர். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். தொழிலாளர்களின் லைன் வீட்டை லயம் என்பார்கள். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். விடிந்தும் விடியாமல் எல்லாரும் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும், கங்காணி பேரைக் கூப்பிட்டு, யாருக்கு எந்த நம்பர் மலை என்று சொல்வார். அங்கே தேயிலைக் காட்டுக்கெல்லாம் நம்பர்தான் பேர். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட வேண்டியதுதான்.

இதைப் பிள்ளைகள் நடக்கப் பழகிய நாள் முதல் பார்த்து வளர்ந்தவர்கள். என் வகுப்பும் அவர்களுக்கு இன்னொரு பெரட்டுதான். நான் ஒரு வரி சொல்வேன், இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்வார்கள். தனியாக ஒருவரை எழுப்பிக் கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இரண்டாம் வருஷம் எனக்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். மொழி வகுப்பில் ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும், பிள்ளைகள் தங்களுக்குள் பேசிப் பேசி மொழியைத் தாங்களே எடுத்துக்கொள்ள வேண்டும், நீங்கள் இல்லாமலும் வகுப்பு நடக்கிற நாள் வர வேண்டும் என்று அங்கே ஒரு அம்மா சொன்னார். நான் கவிழ்ந்துவிட்டேன். அப்புறம்தான் அட்டைப்பெட்டியும் கத்தரியும்.

முதலில் நாலு நாலு பேராகப் பிரித்து அட்டை கொடுத்தேன். ஒவ்வொரு குழுவிலும் ஒருத்தன் முன்னால் வந்து பேசினான். மற்ற மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்கள். யார் இப்படி நிற்கச் சொன்னது என்று கேட்டேன். பெரட்டில் கங்காணிதான் பேசுவார், மற்றவர்கள் பேச மாட்டார்கள் என்றார்கள். என்னவோ நான்தான் விவரம் தெரியாதவள் போல ஒரு பார்வை வேறு. சரி என்று இரண்டிரண்டு பேராகப் பிரித்தேன். அவர்களுக்குத் தெரிந்த விஷயமாகக் கொடுத்தால் பேச்சு தானாக வரும் என்று யோசித்து யோசித்து ஒரு அட்டை எழுதினேன். ஒரு பிள்ளை எஸ்டேட் ஆபீசர், கொழுந்து நிறைய நிற்கிறது, லீவு கொடுக்க முடியாது. இன்னொரு பிள்ளை தொழிலாளி, குழந்தைக்குக் காய்ச்சல், லீவு வேண்டும். எட்டு பத்து வரியாவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

இரண்டே வரியில் முடிந்தது. 'நோ லீவ் டுடே' என்றது ஒரு பிள்ளை. 'ஓகே சார், தேங்க்யூ சார்' என்று சொல்லிவிட்டு இன்னொரு பிள்ளை உட்கார்ந்துவிட்டது. பதினொரு ஜோடியும் இப்படியே. பதினோராவது ஜோடியும் தேங்க்யூ சொல்லி உட்கார்ந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தை காய்ச்சலாகக் கிடக்கிறது, லீவு இல்லை என்கிறான், அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு உட்காருகிறாயே, ஏன் என்று கேட்க வேண்டாமா என்று கத்தினேன். பிள்ளைகளுக்குச் சுதந்திரம் கொடுக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தவள் கத்திய கத்தலில் பக்கத்து அறையில் வாய்ப்பாடு நின்றுவிட்டது.

ஏழாவது படித்த தவமணி மெதுவாக எழுந்தாள். அண்ணனுடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, கையை நாலு மடிப்பு மடித்து விட்டிருப்பாள்.

"ஏன்னு கேட்டா மறுநா அஞ்சாம் நம்பர் மலையிலதான் பேரு விழும் டீச்சர்."

அஞ்சாம் நம்பர் மலையை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வாசலில் நின்றால் எதிரே தெரியும், சுவர் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். கீழே ஓடை, மேலே காடு. மழையிலும் அதில் கூடையோடு ஏறியாக வேண்டும். ஏன் என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குப் பத்து நாள் பயிற்சியில் அதைச் சொல்லித் தரவில்லை.

ஆனால் நான் விடவில்லை. இங்கே அஞ்சாம் நம்பர் மலை கிடையாது, இது வகுப்பு என்றேன். அன்றே ஒரு சட்டம் போட்டேன். கேள்வி கேட்டவர், பதில் வரும்வரை உட்காரக் கூடாது. பதில் சொல்ல வேண்டியவரும் சும்மா நோ நோ என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, காரணம் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரம் வகுப்பே நின்றது. கேட்டவர்கள் நின்றார்கள், பதில் தெரியாதவர்களும் துணைக்கு நின்றார்கள். தலைமையாசிரியர் வாசலில் வந்து எட்டிப்பார்த்தார். "ஏனுங்க டீச்சர், அத்தன பேரும் நிக்கறாங்க, என்ன தப்புப் பண்ணுனாங்க?" என்று பாவமாகக் கேட்டார். தப்பு இல்லை சார், இது கம்யூனிகேட்டிவ் ஆக்டிவிட்டி என்றேன். ஏதோ வியாதியின் பேரைக் கேட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. ஒரு மழை நாளில் தகரக் கூரையின் சத்தத்தையும் மீறி வகுப்பு இரைந்துகொண்டிருந்தது, அது மட்டும் நினைவிருக்கிறது. பாதி ஆங்கிலம், பாதி தமிழ், கொஞ்சம் மலையாளம். இலக்கணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்களே அட்டை எழுத ஆரம்பித்தார்கள். தவமணி எழுதிய அட்டையில் ஒரு கண்டக்டரும் ஒரு பாட்டியும் வருவார்கள். பஸ் ஏன் நேற்று வரவில்லை என்று பாட்டி கேட்பாள், கண்டக்டர் என்ன சமாதானம் சொன்னாலும் அதிலிருந்து இன்னொரு கேள்வி கேட்பாள். கண்டக்டராக இருக்க வகுப்பில் ஒருத்தரும் முன்வர மாட்டார்கள். ஒரு திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல், பள்ளிக்குப் போகவில்லை. மறுநாள் போனதும் தலைமையாசிரியர் குறைப்பட்டுக்கொண்டார். "நீங்க இல்லாட்டியும் அதே சத்தம்தானுங்க டீச்சர், அவங்களே அட்டையப் பிரிச்சுக் குடுத்து அவங்களே பேசிக்கறாங்க." என் வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான். அவர் புகார் சொன்னதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவே ஒரு விஷயம் நடந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தை மாதம் ஒரு நாள் தலைமையாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைவாம், அடுத்த ஜூனிலிருந்து ஆறு, ஏழு, எட்டு இங்கே இருக்காது, எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய பள்ளியோடு சேர்க்கப் போகிறார்கள். எனக்குக் குன்னூர்ப் பக்கம் ஒரு காலியிடம் இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். குன்னூர் என்றதும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எட்டு கிலோமீட்டர் என்பது என் காதில் விழவே இல்லை. யானை நடமாடும் பாதை, காலையில் ஒரே பஸ், அதுவும் வந்தால் உண்டு. தவமணி எழுதிய அட்டையிலேயே அது இருந்தது. பிள்ளைகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர்கள் முடிவு செய்து சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன், அப்பாவின் பெண்ணாக.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை கல்வித்துறை அதிகாரி பார்வைக்கு வந்தார். மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, ஷூவில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். நல்ல மனிதர், அதை மறுக்கவில்லை. இரண்டு ஜோடி பேசுவதைக் கேட்டார், பஸ் பாட்டியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவர் பிள்ளைகளைப் பார்த்து, நிறுத்தி நிதானமான ஆங்கிலத்தில், ஜூன் மாதம் முதல் நீங்கள் எல்லாரும் ஒரு பெரிய பள்ளிக்குப் போகப் போகிறீர்கள், அங்கே கம்ப்யூட்டர் உண்டு, மைதானம் உண்டு என்றார்.

"ஓகே சார், தேங்க்யூ சார்."

இருபத்தொரு பேரும் ஒரே குரலில். இத்தனை மாதப் பாடு ஒரு நொடியில் போயிற்று, பெரட்டு திரும்பி வந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அந்தக் குரல் அடங்கியதும் தவமணி எழுந்து நின்றாள்.

"வொய், சார்? திஸ் ஸ்கூல் நியர். தட் ரோட் எலிபென்ட் கம்மிங். வொய் வி கோ, சார்?"

அதிகாரியின் முகம் மலர்ந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "தானாவே கேக்கறா பாருங்க டீச்சர், பிரமாதம்" என்றார். அவரே கை தட்டினார். பிள்ளைகளையும் தட்டச் சொன்னார். நானும் தட்டினேன். சிரித்துக்கொண்டு தட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பார்வையாளர் நோட்டை வாங்கி எழுத ஆரம்பித்தார்.

தவமணி நின்றுகொண்டிருந்தாள். எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்து, உட்காரம்மா என்றார். அவள் உட்காரவில்லை. எதிர்த்து நின்றாள் என்று நினைத்துவிடாதீர்கள், முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. சட்டம் அதுதானே, பதில் வரவில்லையே, அவ்வளவுதான். இருபத்தொரு பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் வேர்த்து நின்றார். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு, என்ன என்பது போல என்னைப் பார்த்தார்.

"உக்காரு தவமணி" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள்.

அதிகாரி எழுதியது எனக்கு இன்றும் மனப்பாடம். 'மாணவர்கள் தயக்கமின்றித் தாமாகவே ஆங்கிலத்தில் வினா எழுப்புகின்றனர். ஆசிரியைக்குப் பாராட்டுகள்.' அன்று சாயங்காலமே அதைப் பிரதி எடுத்து அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினேன். அவர் அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் வாசித்துக் காட்டினாராம். பிள்ளை கேட்ட கேள்விக்கு மார்க் விழுந்தது, பதில் விழவில்லை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவே இல்லை, இதை எழுதும்போது என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

பள்ளி விட்டதும் அவள் வராந்தாவில் காத்திருந்தாள்.

"டீச்சர், சார் பதிலே சொல்லலயே."

எனக்குப் பதில் தெரியும். நீங்கள் இருபத்திரண்டு பேர்தான் இருக்கிறீர்கள் என்று சொல்லியிருக்கலாம். உங்கள் அம்மா அப்பாக்கள் கேட்க மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். எனக்குக் குன்னூர் கிடைக்கிறது என்றாவது சொல்லியிருக்கலாம். பொழுது சாய்கிறது, யானை இறங்கும் நேரம், வீட்டுக்குப் போ, அப்புறம் சொல்கிறேன் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அதன்பிறகு பரீட்சை வந்தது, கோடை லீவு வந்தது, ஜூனில் நான் குன்னூர் வந்துவிட்டேன்.

ஆகஸ்டில் தலைமையாசிரியர் போன் செய்தார். பெரிய பள்ளிக்குப் பாதிப் பேர்தான் போகிறார்களாம். தவமணியைப் பற்றி நானாகக் கேட்டேன். எட்டாவதில் சேர்ந்து மூன்று வாரம் போயிருக்கிறாள். ஒரு நாள் பஸ் வராமல் நடந்து போகும்போது வளைவில் யானை நின்றிருக்கிறது, ஓடி விழுந்து காலில் அடி. "அதோட நின்னுருச்சுங்க. நானும் ரெண்டுவாட்டி லயத்துக்குப் போயிச் சொல்லிப்பாத்தேனுங்க டீச்சர்" என்றார். சத்தத்துக்குப் பயந்த அந்த மனிதர் இரண்டு தடவை போயிருக்கிறார். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. மனசு கேட்காமல் எஸ்டேட்டுக்குள் ஆட்டோவை விடச் சொன்னேன். பள்ளிக்கூடம் இல்லை. கூரைத் தகரத்தைக் கழற்றிவிட்டார்கள், என் வகுப்பறையில் உர மூட்டை அடுக்கித் தார்ப்பாய் போட்டிருந்தது. லயத்தில் பாதி பூட்டிக் கிடந்தது, மீதியில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். பெரட்டுக் களமும் இல்லை. இப்போது போனில் முகத்தைக் காட்டினால் பேர் பதிவாகிவிடுமாம், எந்த நம்பர் மலை என்று மெசேஜ் வருமாம். தண்ணீர்க் குழாயடியில் நின்ற ஒரு அம்மாவிடம் தவமணியைக் கேட்டேன். எல்லாரும் திருப்பூருக்குப் போய் அஞ்சாறு வருஷமாச்சு என்றார். இங்கேதான் கொழுந்து எடுத்தாளா என்று கேட்டேன்.

"எடுத்தா, எடுத்தா. பதினெட்டு ஆனதும் பேரு எழுதிட்டாங்க. ஆனா அவளுக்கு வாயி. எதுக்கெடுத்தாலும் ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டு நிப்பா. இருந்த வருசம் பூராவும் அஞ்சாம் நம்பர்லயே போட்டானுங்க."

ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் நிமிர்ந்து எதிர் மலையைப் பார்த்தேன். அது மட்டும் அப்படியே சுவர் மாதிரி நின்றது.

பெட்டியிலிருந்த அட்டைக்கு வருகிறேன். நான் எழுதிய அட்டையில் முதல் வரி மட்டும்தான் இருக்கும், மீதியைப் பிள்ளைகள் பேச வேண்டும். இதில் எல்லாமே அச்சடித்து வந்திருக்கிறது, யார் என்ன சொல்ல வேண்டும் என்று. மே ஐ ஹாவ் லீவ் டுடே, சார்? நோ லீவ் டுடே. அதற்குக் கீழே, கடைசி வரி, சிரிக்கிற பொம்மைப் படத்தோடு: ஓகே, சார். தேங்க்யூ, சார்.

இரண்டு இளம் ஆசிரியைகளைக் கூப்பிட்டு அந்த அட்டையைக் கொடுத்தேன். படித்து முடிக்கட்டும், பழைய சட்டத்தைச் சொல்லலாம், ஏன் என்று கேட்டுப் பதில் வரும்வரை நிற்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். இருவரும் நல்ல உச்சரிப்போடு வாசித்தார்கள். இந்தப் பயிற்சியை மேற்பார்வை பார்க்க வந்திருந்த அதிகாரி கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தேங்க்யூ சொல்லிவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அறையில் யாரும் நிற்கவில்லை, என்னைத் தவிர. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.